மஞ்சப்பையும் மஞ்சள் பஸ்ஸும்

டல்லாஸிலிருந்து இன்டர்ஸ்டேட் 20-ல் மேற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் ஸ்வீட்வாட்டர் என்ற சின்ன ஊர் வரும். அதற்கு முன்பே காற்றாலைகள் தொடங்கிவிடும். நாகர்கோவில்காரர்களுக்கு இது புதுசா இருக்காது. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் விசிறிகள் சுற்றுமே, கிட்டத்தட்ட அதே காட்சிதான். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திக் காடு. பக்கத்து ஊரான ராஸ்கோவில் மட்டும் 627 காற்றாலைகள். 2009-இல் அது கட்டி முடிக்கப்பட்டபோது உலகத்திலேயே பெரிய காற்றாலைப் பண்ணை அதுதான்.

நான் டெக்சாஸில் எம்.எஸ். படித்த காலத்தில் அறை நண்பர்கள் மூன்று பேருடன் அந்த வழியாகப் போனேன். அன்றைக்குப் போட்டோ எடுத்ததோடு சரி. அந்த விசிறிகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது, எனக்கு ஒரு குழந்தை பிறந்து, 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்ற சொல் வீட்டுப் பேச்சில் நுழைந்த பிறகுதான் புரிந்தது.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிகள் பெரிய அளவில் சொத்துவரியை நம்பி நடக்கின்றன. ஒரு காற்றாலையும் சொத்துதானே? அது எந்தப் பள்ளி மாவட்டத்தின் நிலத்தில் நிற்கிறதோ, அந்த மாவட்டத்துக்குப் பணம் வரும். ஸ்வீட்வாட்டருக்குத் தெற்கே பிளாக்வெல் என்ற குட்டி ஊரின் பள்ளி மாவட்டம் அப்படி வந்த பணத்தில் புதிய கட்டடங்கள் கட்டியது.

அதே டெக்சாஸில், 2023 நவம்பரில், மாநிலக் கல்வி வாரியம் 8-ஆம் வகுப்பு அறிவியலுக்கு வந்த 12 பாடநூல்களில் 7-ஐ நிராகரித்தது. சில நூல்களுக்குச் சொன்ன காரணம், பருவநிலை மாற்றத்தைப் பற்றி அவை எழுதியிருந்த விதம். காற்று கட்டிக் கொடுத்த வகுப்பறையில் காற்றாலை எதற்கு என்று எவ்வளவு சொல்லிக் கொடுக்கலாம் என்பது ஒரு வாக்கெடுப்பில் முடிவாகிறது. அந்த வாரியத்தின் 15 உறுப்பினர்களும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். டெக்சாஸ் கேலிக்கு உரியது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. புத்தகத்துக்கும் கட்டடத்துக்கும் பின்னால் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான்.

படிப்பு முடிந்து வேலை பே ஏரியாவில் கிடைத்தது. அங்கே இருந்த வருஷங்களில், ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை பெர்க்லிக்குக் கூட்டிப் போனேன். அங்கே மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் நடுநிலைப் பள்ளியில் ஒரு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. 'எடிபிள் ஸ்கூல்யார்டு' என்று பெயர். ஒரு காலத்தில் அது வெறும் தார் தரை. பெர்க்லியில் ஷே பனீஸ் என்ற உணவகத்தை நடத்திவந்த ஆலிஸ் வாட்டர்ஸ், தினமும் அந்தப் பள்ளியைக் கடந்து போகிறவர். பள்ளி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். பள்ளியின் முதல்வர் கோபித்துக்கொள்ளவில்லை. அவரையே கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டார். 1995-இல் தோட்டம் தொடங்கியது. பிள்ளைகள் விதைக்கிறார்கள், பறிக்கிறார்கள், பக்கத்திலேயே இருக்கும் சமையல் வகுப்பில் சமைத்து, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

வேலிக்கு வெளியே நின்று அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். காமராஜர் காலத்து மதிய உணவைச் சாப்பிட்டுப் படித்தவர் அவர்.

"இதைப் பாக்கவா தம்பி இவ்வளவு தூரம் வந்தோம்? எங்க பள்ளிக்கூடத்துல கத்தரிக்கும் அவரைக்கும் நாங்கதான் தண்ணி ஊத்துவோம். முருங்கை மரம் தனியா நிக்கும். அதுக்குப் பேரெல்லாம் வைக்கல."

சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னதில் பாதிக் கதைதான் இருந்தது. மீதிப் பாதி பணம். பெர்க்லியின் மற்றப் பள்ளிகளிலும் தோட்ட வகுப்பும் சமையல் வகுப்பும் உண்டு. அவற்றுக்கு வந்துகொண்டிருந்த மத்திய அரசுப் பணம் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. 2014 நவம்பரில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு அவுன்சுக்கு 1 சென்ட் வரி போடலாமா என்று ஊரில் ஓட்டெடுப்பு நடந்தது. குளிர்பானக் கம்பெனிகள் எதிர்த்துப் பணத்தைக் கொட்டின. நாலில் மூணு பங்குப் பேர் 'போடலாம்' என்று ஓட்டுப்போட்டார்கள். அமெரிக்காவில் அப்படி வரி போட்ட முதல் ஊர் பெர்க்லி. வந்த வருமானத்தில் ஒரு பகுதியை நகர சபை பள்ளித் தோட்டங்களுக்கும் சமையல் வகுப்புகளுக்கும் கொடுத்தது. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகள் வேலை. தோட்டம் அடுத்த வருஷமும் இருக்குமா என்பதை ஊர்தான் முடிவு செய்தது. காமராஜர் காலத்துச் சோறும் அப்படித்தானே? சாப்பிட்டது அம்மா, உலை வைக்கப் பணம் ஒதுக்கியது அரசு.

பெர்க்லிக்குத் தெற்கே ஒட்டினாற்போல ஓக்லண்ட். நகரத்தின் நீளத்துக்கு இரண்டு பெரிய சாலைகள் போகின்றன. மலைப்பக்கம் 580, கடல்பக்கம் 880. ஓக்லண்டுக்குள் 580-ல் கனரக லாரிகள் போகத் தடை உண்டு. பல பத்தாண்டுகளாகவே உண்டு. அதனால் துறைமுகத்து லாரி எல்லாம் 880-ல் போகிறது. 580 பக்கம் வசதியான வீடுகள். 880 ஓரத்தில் ஏழைகளின் குடியிருப்புகள். டீசல் புகையும் பிள்ளைகளின் ஆஸ்துமாவும் எந்தப் பக்கம் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஓக்லண்ட் பள்ளி மாவட்டம்தான் 2024-இல் தன் பள்ளிப் பேருந்துகள் அத்தனையையும் மின்சார வண்டிகளாக மாற்றியது. மொத்தம் 74. பெரிய மாவட்டங்களில் நாட்டிலேயே இதுதான் முதல். அவற்றில் பயணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள். நீண்ட நேரம் வண்டியில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள்தான்.

சாப்ட்வேர்க்காரனாக எனக்குப் பிடித்தது இன்னொன்று. பள்ளிப் பேருந்து காலையில் கொஞ்ச நேரம், மதியம் கொஞ்ச நேரம்தான் ஓடும். மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கும். டீசல் பஸ் சும்மா நின்றால் அது இரும்பு. மின்சார பஸ் சும்மா நின்றால் அது ஒரு பெரிய பேட்டரி. வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் ஏசியும் அடுப்பும் ஒரே நேரத்தில் ஓடும்போது, மிச்ச மின்சாரத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஓக்லண்டின் 74 பஸ்ஸும் இப்படித் திருப்பித் தரக்கூடியவை. வருஷத்துக்கு 2.1 கிகாவாட் மணி வரை தரலாம் என்பது கணக்கு.

இதையும் எந்தக் குழந்தையும் போஸ்டர் வரைந்து கொண்டுவரவில்லை. பஸ் ஒப்பந்தம் என்பது ஸ்கூல் போர்டின் முன் வரும் ஒரு தாள். புதுப்பிக்கலாமா, மாற்றலாமா என்று அங்கே கேட்பார்கள். 2021-இல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் சுத்தமான பள்ளிப் பேருந்துகளுக்கு என்று ஐந்து வருஷத்துக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்கும் விண்ணப்பம் போட்டால்தான் பணம்.

இப்போது இருப்பது நியூ ஜெர்சியில். எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 மே 4 முதல் இங்கே கடைகளில் பிளாஸ்டிக் பை கிடையாது. பெரிய மளிகைக் கடைகளில் காகிதப் பையும் கிடையாது. அன்றைக்கு அமெரிக்கர்கள் எல்லாம் தக்காளியைக் கையில் அள்ளிக்கொண்டு பார்க்கிங்கில் நடக்க, நம்ம ஆட்கள் கார் டிக்கியைத் திறந்தார்கள். உள்ளே ஜவுளிக்கடைப் பை, தாம்பூலப் பை. "கோமதி வெட்ஸ் கார்த்திகேயன்" என்று அச்சடித்த மஞ்சப்பையில் வெண்டைக்காயும் பூசணியும் போவதை என் கண்ணால் பார்த்தேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. நமக்கு அந்தப் பழக்கம் போகவே இல்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது இன்னும் நல்லாத் தெரியும். ஐஸ்கிரீம் டப்பாவை ஆசையாகத் திறந்தால் உள்ளே சாம்பார் இருந்த வீட்டில்தானே வளர்ந்தீங்க? தயிர் டப்பாவில் கறிவேப்பிலை, பழைய சேலையில் தலையணை உறை, அரிசி கழுவிய தண்ணி செடிக்கு. சின்ன வயசில் நண்பர்கள் முன்னால் கூச்சமாக இருந்திருக்கும். இன்றைக்கு அதுக்கு சஸ்டெய்னபிலிட்டி என்று பேர் வைத்து உங்கள் பிள்ளைக்கு வகுப்பு எடுக்கிறார்கள்.

வகுப்பு என்று சும்மா சொல்லவில்லை. 2020 ஜூனில் நியூ ஜெர்சி மாநிலக் கல்வி வாரியம் பருவநிலை மாற்றத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. மழலை வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை அதைச் சேர்த்த முதல் மாநிலம் இதுதான். 2022 செப்டம்பரில் வகுப்பறைக்கு வந்தது. அறிவியலோடு நிற்கவில்லை. சமூகவியல், உடற்கல்வி, ஓவியம், இசை என்று அப்போது ஏழு துறைகளில் வந்தது. அந்த ஏழில் உலக மொழிகளும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் நீரையும் வைத்தே வாழ்க்கையை வகுத்த மொழி நம்முடையது. அந்த வகுப்புக்குப் பாடத்தை நாம் வெளியே தேடவேண்டாம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. போன வருஷம் அவள் வகுப்பில் ஒரு வாரம் மதிய உணவில் மிச்சமானதை எடை போட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரே கேள்வி: "அப்பா, யாரும் ஆப்பிளே கடிக்கல. அப்படியே குப்பையில போட்டாங்க. ஏன் எடுத்தாங்க?"

அதற்கு விடை உண்டு. 2012 முதல் மத்திய அரசின் உணவு விதிப்படி, பள்ளி உணவு வாங்கும் பிள்ளை தட்டில் அரை கப் பழமோ காயோ எடுத்தாக வேண்டும். நல்ல எண்ணத்தில் வந்த விதி. எடுக்கச் சொல்லலாம், தின்னச் சொல்ல முடியாதே. அதற்கும் ஒரு வழி இருக்கு. 'ஷேர் டேபிள்' என்று ஒரு மேசை. பிரிக்காத பால், கடிக்காத பழம், உறை கிழிக்காத பண்டம் இவற்றைப் பிள்ளைகள் அதில் வைப்பார்கள். பசிக்கிற இன்னொரு பிள்ளை எடுத்துக்கொள்ளும். மத்திய வேளாண் துறை இதை அனுமதிக்கிறது. செலவு ஒரு மேசைதான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அந்த மேசையைப் போட முடியாது.

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் மாவட்டத்தின் போர்டு மீட்டிங்குக்குப் போனேன். பள்ளி நூலகத்தில் அரைவட்டமாக மேசை, ஒன்பது பேர். நியூ ஜெர்சியில் போர்டு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகல் வேலையை முடித்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள். எதிரே நாற்காலிகள் பெரும்பாலும் காலி. இந்த மாநிலத்தில் 1975-இலிருந்து திறந்த கூட்டச் சட்டம் இருக்கு. அதன்படி பள்ளி வாரியம் ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று நிமிடம்.

எனக்கு முன்னால் ஒரு 11-ஆம் வகுப்பு மாணவி பேசினாள். தினமும் தூக்கி எறியும் தட்டுக்குப் பதில் கழுவிப் பயன்படுத்தும் தட்டு வேண்டும் என்றாள். வந்த பதில் நேர்மையானதுதான்: பாத்திரம் கழுவும் இயந்திரங்களைச் சமையலறை மாற்றியபோதே எடுத்துவிட்டார்கள், திரும்பப் போட்டால் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அவள் விடவில்லை. "அந்தக் கணக்கைப் பார்க்கலாமா?" என்றாள். அடுத்த கூட்டத்தில் தருவதாகச் சொன்னார்கள். நான் ஷேர் டேபிளைப் பற்றிப் பேசினேன். இரண்டு பள்ளிகளில் முயன்று பார்க்கிறோம் என்றார்கள். இப்போது அந்த இரண்டிலும் மேசை இருக்கிறது. தட்டுக் கணக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் வகுப்புக்குப் பத்துப் பிள்ளையாவது நம்ம நாட்டுப் பிள்ளை. அந்த அறையில் நம்ம ஆட்கள் என்னையும் சேர்த்து இரண்டு பேர்.

இதை யோசிக்கும்போது உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரின் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 920-இல் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர் வேலைக்கு வாரியங்கள். அதில் ஏரி வாரியம் ஒன்று, தோட்ட வாரியம் ஒன்று. குடவோலை முறையில் தேர்வு, ஒரு வருஷப் பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்று விதி. கணக்கைக் கேட்ட அந்த மாணவிக்குத் தெரியாது, அவள் எவ்வளவு பழைய கேள்வியைக் கேட்டாள் என்று.

ஏரியைத் தூர்வார வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வருவதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஊரை விட்டு வந்தபோது சிக்கனத்தை நாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம். குடிமராமத்தைக் கண்மாய்க் கரையிலேயே விட்டுவிட்டோம். வீட்டுக்குள்ளே ஒரு தயிர் டப்பாவைத் தூக்கிப் போட மனசு வராது. வாசலுக்கு வெளியே ஆயிரக்கணக்கான தட்டுகள் தினமும் குப்பைக்குப் போனால், அது 'ஸ்கூல்காரங்க வேலை'. பிள்ளையைக் கூப்பிட வரிசையில் நிற்கும் நம்ம கார்களையே பாருங்கள். இந்த மாநிலத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிட்டு நிற்கக் கூடாது என்று விதி இருக்கு. ஏசிக்காக இருபது நிமிடம் ஓடும். பின்சீட்டில் மஞ்சப்பை இருக்கும்.

உத்திரமேரூரை நான் பெரிதாக்க விரும்பவில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போனது. யாருடைய ஓலை உள்ளே போகலாம் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கு. சான் பிரான்சிஸ்கோ 2016-இல் ஓட்டெடுப்பு நடத்தி, அந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப்போடலாம் என்று முடிவு செய்தது. 2018-இலிருந்து போடுகிறார்கள். நியூ ஜெர்சியில் எனக்கு அது இல்லை. நான் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன். சொத்துவரி கட்டுகிறேன், அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. மூன்று நிமிடம் பேசலாம். ஓட்டுப்போட முடியாது.

உங்களால் முடியும். இங்கே பிறந்தவர்கள், சின்ன வயசிலேயே வந்து குடியுரிமை பெற்றவர்கள், இந்தப் பள்ளிகளிலேயே படித்தவர்கள். உங்கள் அப்பா அம்மா கூட்டத்துக்குப் போகாததற்கு ஒரு நியாயம் இருந்தது. மொழி புதுசு, வேலை புதுசு, எதிலும் தலையிடாமல் பிள்ளையைப் படிக்க வைத்தால் போதும் என்ற பயம் கலந்த அடக்கம். உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவைப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் படித்துப் பாருங்க. உணவு ஒப்பந்தமும் பஸ் ஒப்பந்தமும் எப்போது முடிகிறது என்று கேளுங்க. மாற்ற முடிகிற நேரம் அதுதான். நியூ ஜெர்சியில் இருந்தால் 'சஸ்டெய்னபிள் ஜெர்சி ஃபார் ஸ்கூல்ஸ்' என்ற திட்டத்தில் உங்கள் பள்ளி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்க. 2014-இலிருந்து நடக்கிறது, எந்தெந்த வேலை செய்தால் சான்றிதழ் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிப் போங்க. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிய கதையை அந்த மூன்று நிமிடத்தில் அவர் சொல்லட்டும், நீங்க மொழிபெயருங்க.

நியூ ஜெர்சியில் பெரும்பாலான ஊர்களில் போர்டு தேர்தல் நவம்பரில்தான், பொதுத்தேர்தலோடு சேர்ந்தே வரும். கவர்னர், செனட்டர் என்று பெரிய பெயர்களுக்கெல்லாம் தள்ளி, ஓட்டுச்சீட்டின் ஒரு ஓரத்தில் பள்ளி வாரியம் இருக்கும். நிறையப் பேர் அந்த இடத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். என் மகளும் உங்கள் பிள்ளையும் காலையில் ஏறுகிற பஸ் அந்த ஓரத்தில்தான் இருக்கு. அதைக் காலியாக விடாதீங்க.